அழைப்பிதழில் இல்லாத பெயர்

தும்பைப்பாறை,
போளூர் வழி.
கொடைக்கானல் மலை.
8 ஜூன் 2025

அன்புள்ள சம்பந்தி சேனாதிபதி அவர்களுக்கு,

நல்லசாமி எழுதுவது. இங்கே நானும் இருளாயியும் சுகம். பழனியில் நீங்களும் தங்கச்சி விசாலாட்சியும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊருக்கு இன்னும் டவர் வரவில்லை. போளூர் மேட்டுக்கு ஏறிப் பேசினாலும் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடுகிறது. இது விவரமாகச் சொல்ல வேண்டிய சங்கதி.

ஓடைக்குப் பாலம் கட்டி முடித்துவிட்டார்கள். இதை உங்களுக்கு எழுதக் கை வரவில்லை, ஆனாலும் நான்தான் எழுத வேண்டும். இதே பாலம் அன்றைக்கு இருந்திருந்தால் தேவசேனா இன்றைக்கு என் வீட்டில் நடமாடிக்கொண்டிருப்பாள். வளைகாப்புக்கு நாள் குறித்து வைத்திருந்தோம். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, அந்தக் கரையில் ஜீப் நிற்க, இந்தக் கரையில் வெள்ளம் வடியட்டும் என்று காத்திருந்தபடியே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் மனுக் கொடுத்தோம். அதற்குத்தான் பாலம் கிடைத்தது.

அமைச்சர் வந்து திறக்கப் போகிறாராம். அரசாங்க அழைப்பிதழ் அவர்களே அடித்துக்கொள்வார்கள். ஊர் சார்பில் ஒன்று நாம் அடிக்க வேண்டும். நம் ஊர்ப் பையன் முகேஷ், கொடைக்கானலில் டிராவல்ஸ் நடத்துகிறவன், ஒன்று எழுதிக் கொண்டுவந்தான். அதில் வார்டு உறுப்பினர் படம் பெரிதாகவும் அமைச்சர் படம் ஸ்டாம்பு அளவிலும் இருக்கிறது. கலெக்டர் பெயரையே காணோம். "ஏலே, இத அடிச்சா அடுத்த பாலம் நம்ம பேரங்காலத்துலதான்" என்றேன். முப்பது வருடம் அரசாங்க மேடையில் பெயர் வாசித்த மனிதர் நம் சம்பந்தியாக இருக்கும்போது நாம் ஏன் தடுமாற வேண்டும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அழைப்பிதழை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு மைக்கும் நீங்கள்தான் பிடிக்க வேண்டும். மனம் ஒப்பாவிட்டால் வேண்டாம். நான் வருத்தப்பட மாட்டேன்.

மகன் கோகுல் நலம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
நல்லசாமி

&nbsp;

அடிவாரம், பழனி.
17 ஜூன் 2025

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

சேனாதிபதி வணக்கம். நாங்கள் இருவரும் நலம். முழங்கால் மட்டும் தனிக் குடித்தனம் போய்விட்டது, நான் சொல்வதைக் கேட்பதில்லை. தங்கச்சி இருளாயியை விசாரித்ததாகச் சொல்லவும்.

மனம் ஒப்புமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை விசாலாட்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சற்றுக் கழித்து வந்து, "போங்க. நீங்கதான் போகணும். வேற எவனாவது அந்த இடத்துல நின்னு மைக்க டெஸ்ட் பண்றதுக்கு நீங்களே போங்க" என்றாள். ஆகவே வருகிறேன்.

முகேஷிடம் இதைச் சொல்லுங்கள். 'மாண்புமிகு' அமைச்சருக்கு மட்டும். ஒன்றியக் கவுன்சிலருக்கும் அதைப் போட்டால் கவுன்சிலருக்கு ஒரு நாள் சந்தோஷம், அமைச்சருக்கு ஆயுசுக்கும் கோபம். ஆட்சியருக்குப் பெயருக்கு முன்னால் 'திரு', பின்னால் 'இ.ஆ.ப.' இரண்டில் ஒன்றை விட்டாலும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அவருடைய உதவியாளர் உங்களைச் சும்மா விடமாட்டார். ஆட்சியர் தலைமை. எம்.பி., எம்.எல்.ஏ. முன்னிலை. அமைச்சர் திறந்து வைத்துச் சிறப்புரை. படமே வேண்டாம். படம் போட்டால் யார் பெரிது என்று ஸ்கேல் வைத்து அளக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இதற்காக ஒருமுறை நத்தத்தில் நாற்காலி பறந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்று. அழைப்பிதழை உறையில் பெயர் எழுதி, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

வரைவை முழுக்க எழுதி விசாலாட்சியிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்துவிட்டு, "எல்லாப் பேரும் இருக்கு. நம்ம பிள்ளை பேரு எங்க?" என்று கேட்டாள். அரசு விழா முறையில் அதற்கு இடம் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? யோசித்துப் பார்த்தேன். ஊர் சார்பு அழைப்பிதழில் நன்றியுரை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதனால் கடைசி வரியை இப்படி எழுதியிருக்கிறேன்:

நன்றியுரை: அமரர் தேவசேனாவின் கணவர் திரு. ந. கோகுல்ராஜ்.

'அமரர்' என்று எழுதும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். மற்ற வரிகளில் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், இந்த ஒரு வரி அப்படியே வர வேண்டும். அவள் பெயர் அந்தத் தாளில் இருந்தால் எங்களுக்குப் போதும். மாப்பிள்ளை இரண்டு வார்த்தை பேசினால் போதும், நான் எழுதிக் கொடுக்கிறேன்.

வரைவு இத்துடன் இருக்கிறது.

அன்புடன்,
சேனாதிபதி

&nbsp;

தும்பைப்பாறை.
20 ஜூலை 2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இருவர் சுகமும் அறிய ஆசை. இங்கே இருளாயிக்கு இருமல், வேறொன்றும் இல்லை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பூண்டு எடுப்பு, அது முடிந்து காய வைக்கிற சோலி. ஒரு வாரமாக மேகம் இறங்கிக் கெடக்கு, ஒன்றும் காயவில்லை.

வரைவை ஊர்க் கூட்டத்தில் வாசித்தேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. முகேஷ் மட்டும் படம் இல்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். விழா செப்டம்பருக்குத் தள்ளிப் போகும் போலிருக்கிறது.

நன்றியுரை பற்றி. கோகுல் நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன். பஞ்சாயத்துத் தலைவர் குமாரவேல் சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

முறை தெரிந்தவர் நீங்கள், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போளூரில் எனக்குத் தெரிந்த ஒருவர். மகன் கல்யாணத்தைச் சிறிதாக முடித்துவிட்டார். கட்டாயம் அழைத்தாக வேண்டிய ஒரு வீட்டை அழைக்கவில்லை. மறந்துபோய் அல்ல. அந்த வீட்டு வாசலில் போய் நிற்கத் துணிச்சல் வரவில்லை. இப்போது அவருக்கு ராத்தூக்கம் இல்லை. இனிமேல் அந்த வீட்டுக்கு அழைப்பு வைக்க ஏதாவது முறை உண்டா? எப்படிப் போவது, என்ன சொல்லிக் கொடுப்பது? உங்களுக்குத் தெரியாதது இருக்காது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள்,
நல்லசாமி

&nbsp;

அடிவாரம், பழனி.
26 ஜூலை 2025

மரியாதைக்குரிய சம்பந்திக்கு,

வணக்கம். தங்கச்சி இருமலுக்கு மிளகும் பனங்கற்கண்டும் விசாலாட்சி அனுப்பியிருக்கிறாள். இங்கே ஆடி மாதக் கூட்டம், தெருவில் கால் வைக்க இடமில்லை.

உங்கள் போளூர் நண்பருக்கு முதலில் பதில். கல்யாணம் முடிந்த பிறகு அழைப்பு வைப்பது, பந்தி முடிந்த பிறகு இலை போடுவது மாதிரி. அழைக்காமல் விட்டது ஒரு அவமானம், பிறகு போய் நிற்பது இரண்டாவது அவமானம். மறந்தவனை மன்னிக்கலாம். மனிதனுக்கு மறதி உண்டு. தெரிந்தே விட்டவன் அந்த வீட்டாரை மனிதராகவே மதிக்கவில்லை. அந்த வீட்டுக்காரன் நானாக இருந்தால் படியேற விடமாட்டேன். அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

இனி நம் விஷயம். குமாரவேல் எடுப்பாகப் பேசுவார், எனக்குத் தெரியும். எடுப்பு யாருக்கு வேண்டும்? மாப்பிள்ளை மேடையில் நின்று வாய் திறக்காமல் கும்பிட்டாலே போதும். நான் கேட்பது அவர் பேச்சை அல்ல, அந்த வரியை. பாலத்துக்குக் கொடுத்த மனுவிலெல்லாம் என் மகள் பெயர் இருந்ததாமே? மனுவுக்கு வேண்டியிருந்த பெயர் அழைப்பிதழுக்கு வேண்டாமா?

அவள் போன மறுநாள் நானும் விசாலாட்சியும் அந்தக் கரையில் நின்றோம். தண்ணீர் இறங்கவில்லை. உங்கள் பக்கம் புகை எழுந்ததை இந்தப் பக்கமிருந்து பார்த்தோம். பெற்ற மகளின் முகத்தைப் பார்க்காமல் திரும்பியவர்கள் ஒரு வரி கேட்கிறோம். அதிகமா?

மாப்பிள்ளை இந்த வருடம் ஒருமுறைகூட வரவில்லை. வரச் சொல்லுங்கள். ஆடிக்கு அழைத்தால் வருவாரா என்று விசாலாட்சியிடம் கேட்டேன். அவள் பீரோவைத் திறந்து துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்புடன்,
சேனாதிபதி

&nbsp;

பழனி.
19 ஆகஸ்ட் 2025

அண்ணன் நல்லசாமி அவர்களுக்கு,

தங்கை விசாலாட்சி எழுதிக்கொள்வது. மதினிக்கு இருமல் நின்றதா? இங்கே அவர் உடம்புக்குக் குறைவில்லை. மனம்தான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. தினமும் தபால்காரரை வழிமறித்து உங்கள் கடிதம் வந்ததா என்று கேட்கிறார்.

இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பதில் எழுதினால் எங்கள் தெருமுனைத் தேங்காய்க்கடை ராஜகுமாரி பெயருக்கு அனுப்புங்கள். அவள் என்னிடம் கொடுத்துவிடுவாள்.

உங்கள் போளூர் நண்பர் யார் என்று எனக்குத் தெரியும் அண்ணா. தைப்பூசக் கூட்டம் வடிந்த மறுவாரம், மலைப்படிக்குக் கீழே மாப்பிள்ளையைப் பார்த்தேன். பக்கத்தில் புது மஞ்சள் கயிறோடு ஒரு பெண். புதுச் செருப்பு காலைக் கடித்ததோ என்னவோ, தாங்கித் தாங்கி நடந்தாள். மாப்பிள்ளை முழங்கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். தேவசேனாவையும் அப்படித்தான் பிடிப்பார். அவர்கள் என்னைப் பார்த்துச் சங்கடப்பட வேண்டாம் என்று ஒரு பஞ்சாமிர்தக் கடைக்குள் நுழைந்துகொண்டேன். "எத்தன டப்பா வேணும்" என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாத பஞ்சாமிர்தத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வயிறெரிந்தது. ஆனால் அந்த வயதில் ஒரு ஆண்பிள்ளையைத் தனியாக இரு என்று யார் சொல்ல முடியும்? கல்யாணம் செய்தது தப்பில்லை. நீங்களும் மதினியும் தட்டோடு வருவீர்கள் என்று நான் காத்திருந்தேன். மூத்தவளைப் பெற்ற வீட்டில் சொல்லாமல் இன்னொருத்திக்குத் தாலி கட்டுவார்களா? வருகிறவளையும் மகளே என்று கூப்பிட்டுச் சேலை எடுத்துக் கொடுப்பதுதானே நம் வழக்கம்? நான் எடுத்தும் வைத்தேன். பீரோவில் அப்படியே இருக்கிறது.

அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான் இல்லை, அழைக்க வேண்டியவர் நீங்கள். அந்த வரி அழைப்பிதழில் வராது என்று எனக்குத் தெரியும். புதிதாக வந்த பெண் இருக்கும் வீட்டில் அப்படி எப்படி அச்சடிப்பீர்கள்? ஆனால் அவருக்குத் தெரியாது. விழாவுக்கு முன்னால் நீங்களே வந்து சொல்லிவிடுங்கள். அவர் எழுதியதை நினைத்துப் பயப்படாதீர்கள். அவர் பேச்சு பெரிதாக இருக்கும், வாசலில் வந்தவர்களை அவர் என்றைக்கும் திருப்பி அனுப்பியதில்லை.

தங்கை,
விசாலாட்சி

&nbsp;

தும்பைப்பாறை.
4 செப்டம்பர் 2025

தங்கச்சி விசாலாட்சிக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதக்கூட எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், சுகமாக இருங்கள்.

உங்கள் கடிதத்தை இருளாயிக்குப் படித்துக் காட்டினேன். சேலை எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்ற இடத்தில் அவள் அழுதுவிட்டாள். அந்தப் பெண் பெயர் சுகன்யா. பெரும்பாறைப் பக்கம், காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பம். மார்கழியிலேயே உங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று நாலு தடவை கிளம்பினேன். ஓடையைத் தாண்டும்போதெல்லாம் நீங்கள் இருவரும் அந்தக் கரையில் நின்றது கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். திரும்பிவிடுவேன். பிறகு தை வந்துவிட்டது.

உங்கள் கடிதம் கிடைத்த மறுவாரம் நானும் இருளாயியும் வந்தோம் தங்கச்சி. வெள்ளனே முதல் பஸ் பிடித்து, அடிவாரத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் எல்லாம் வாங்கித் தட்டில் அடுக்கிக்கொண்டு உங்கள் வாசல்வரை வந்தோம். உள்ளேயிருந்து சம்பந்தி குரல் கேட்டது. மைக்கில் பேசுகிற குரல். "இப்போது அமரர் தேவசேனாவின் கணவர் திரு. கோகுல்ராஜ் அவர்கள் நன்றி கூறுவார்கள்." நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இறக்கி மறுபடியும் அதையே சொன்னார். மறுபடியும் சொன்னார். இருளாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க போயிருவோம். இந்த மனுசன் கையில இத எப்படிக் குடுக்க?" என்றாள். தட்டைக் கோயிலில் வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுகன்யா முழுகாமல் இருக்கிறாள். ஆறாம் மாதம்.

அண்ணன்,
நல்லசாமி

&nbsp;

தும்பைப்பாறை.
18 செப்டம்பர் 2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

சுகம், சுகமறிய வேண்டும். விழா அக்டோபர் ஒன்பதாம் தேதி என்று முடிவாகிவிட்டது. அழைப்பிதழ் அச்சாகி வந்திருக்கிறது, இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றியுரை குமாரவேல் என்று ஊரில் முடிவு செய்துவிட்டார்கள். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. உடம்பு முடியாததால் நேரில் வரவில்லை. நேரில் அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும். கொடைக்கானலில் இருந்து ஜீப் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

நல்லசாமி

&nbsp;

பழனி.
24 செப்டம்பர் 2025

சம்பந்திக்கு,

உங்கள் உடம்பு தேற வேண்டும்.

அழைப்பிதழ் வந்தது. அச்சு நன்றாக இருக்கிறது. ஒரு பிழை இல்லை. நான் எழுதிய வரிசை அப்படியே இருக்கிறது, நான் கேட்ட ஒரு வரி மட்டும் இல்லை. சம்பந்தி வீட்டுக்குத் தபாலில் அழைப்பு வருகிற காலத்தையும் பார்த்துவிட்டேன்.

ஊரார் முடிவு செய்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அந்த ஊருக்கு அம்பலம் மாதிரி. நீங்கள் வேண்டும் என்றால் ஊரார் வேண்டாம் என்பார்களா? எனக்குக் காரணம் புரியவில்லை. கேட்கவும் போவதில்லை.

ஆனால் வருகிறேன். கொடுத்த வாக்கு. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். தாள் உங்களுடையது, மைக் என் கையில் இருக்கும். முப்பது வருடத்தில் கொடுத்ததற்கு மேல் ஒரு வார்த்தை மேடையில் நான் பேசியதில்லை. அன்றைக்குப் பேசுவேன். அமைச்சர் ரிப்பன் வெட்டியதும், அவர் பேசுவதற்கு முன்னால், என் மகள் பெயரைச் சொல்வேன். அது முறையில்லை, எனக்குத் தெரியும். விசாலாட்சி அந்தக் கரைக்கு வரமாட்டாள். அவளால் முடியாது. ஆனால் "அங்க பேரச் சொல்லிட்டு வாங்க, அது போதும்" என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

சேனாதிபதி

&nbsp;

பழனி.
3 நவம்பர் 2025

திரு. நல்லசாமி அவர்களுக்கு,

உங்களை எப்படி அழைத்து இந்தக் கடிதத்தைத் தொடங்குவது என்று தெரியாமல் தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். யாரை எப்படி விளிப்பது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்கத்தான் வேண்டும். கேட்டுவிட்டேன்.

அன்று சாப்பிடாமல், உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல், அதிகாரிகள் வண்டியில் ஏறி வந்துவிட்டேன். நீங்கள் கூட்டத்தின் பின்னால் நின்றீர்கள். மைக்கில் கேட்டது போக, மேடையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. சொல்கிறேன்.

ரிப்பன் வெட்டியானதும் அமைச்சர், "ஊர்ல மாசமா இருக்கிற பொண்ணு யாராவது இருந்தா அவங்க முதல்ல நடக்கட்டும். அதுக்குத்தானே இந்தப் பாலம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். முகேஷ் ஓடிப்போய் விசாரித்து, ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதி என் கையில் கொடுத்தான். திருமதி சுகன்யா கோகுல்ராஜ். உங்கள் ஊரில் கோகுல்ராஜ் ஒருவர்தான்.

மேடையில் கையில் கொடுத்த பெயரைத் தயங்காமல் வாசிக்க வேண்டும். அதுதான் எங்களுக்குப் பாடம். வாசித்தேன். "திருமதி சுகன்யா கோகுல்ராஜ் அவர்களே, வருக" என்றேன். என் குரல் பிசகவில்லை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். ஏழு மாதம் இருக்கும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தோடு, அடி எடுத்து வைக்கப் பயந்து நின்றாள். ஜீப்புக்குப் பின்னால் நின்ற உங்கள் மகனை அப்போதுதான் பார்த்தேன்.

என் சட்டைப் பையில் நான் எழுதி வைத்த வரி இருந்தது. 'இதே கரையில் உயிர் நீத்த' என்று தொடங்கும். அதைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். தாளை எடுத்தும் விட்டேன். அந்தப் பெண் பாலத்தின் நடுவில் இருந்தாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு முதல்முறை அந்தத் தண்ணீரைத் தாண்டுகிறவள் காதில் ஒரு சாவை எப்படிச் சொல்வது? அதுவும் ஒலிபெருக்கியில், அவள் புருஷனின் முதல் மனைவி சாவை? நீங்கள் எனக்குச் செய்ததற்கு நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவேண்டும் என்றுதான் வாய் வந்தது. ஆனால் "பார்த்து வாம்மா, மெதுவா வா" என்றுதான் மைக்கில் சொன்னேன். பிறகு அமைச்சரைப் பேச அழைத்தேன்.

எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன், ஒரு பெயரை விட்டதில்லை. என் மகள் பெயரை விட்டுவிட்டு வந்தேன்.

மறுமணம் ஊரில் நடக்காததா? வந்து சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு அந்தக் கல்யாண அழைப்பிதழையும் நானே எழுதிக் கொடுத்திருப்பேன். உங்கள் போளூர் நண்பருக்கு நான் எழுதிய பதிலை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

இந்தக் கடிதம் அதற்காக அல்ல. வீட்டுக்கு வந்ததும் விசாலாட்சி, "பேரச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். "எப்படிச் சொன்னீங்க, சொல்லுங்க" என்றாள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, மேடையில் சொல்கிற மாதிரியே முழுக்கச் சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இன்னொரு தடவ" என்றாள். இன்னொரு தடவை சொன்னேன்.

சுகன்யா விஷயம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் தாங்க மாட்டாள். தெரியப்படுத்த வேண்டாம். ஆனால் ஊர்க்காரர்கள் பெயரைக் கேட்டு என்ன சொன்னார்கள் என்று உங்களுக்கு எழுதிக் கேட்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் உங்களிடம் இதுவரை கேட்டது ஒரு வரி, அது கிடைக்கவில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். அவள் கேட்டால், நான் சொன்னதாக எழுதிவிடுங்கள்.

சேனாதிபதி

&nbsp;

தும்பைப்பாறை,
போளூர் வழி.
16 நவம்பர் 2025

தங்கச்சி விசாலாட்சிக்கு,

அண்ணன் நல்லசாமி எழுதுவது. உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. இருளாயி சுகம். இங்கே மழை பிடித்துக்கொண்டது, ஓடையில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது. ஜீப் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. நீங்களும் சம்பந்தியும் குளிருக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நடந்ததை எழுதச் சொல்லியிருந்தீர்கள். கூட்டம் நிறைய. போளூரில் இருந்தும் வந்திருந்தார்கள். சம்பந்தி வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். ஒவ்வொருவர் பெயரையும் அதற்குரிய மரியாதையோடு சொன்னார். கலெக்டரே திரும்பிப் பார்த்தார்.

அமைச்சர் ரிப்பன் வெட்டினார். அதற்குப் பிறகு சம்பந்தி சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். பிறகு சொன்னார். இதே கரையில் உயிர் நீத்த என்று ஆரம்பித்து, நம் வீட்டு மருமகள், உங்கள் மகள் என்று எல்லாம் சொன்னார். உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து ஆண்களும் எழுந்தார்கள். அமைச்சரும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். மைக் நன்றாக வேலை செய்தது, எதிர் மலைவரைக்கும் கேட்டது. இருளாயி என் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

பெயரை முழுசாகத்தான் சொன்னார் தங்கச்சி. தேவசேனா என்று சொன்னார். என் காதால் கேட்டேன்.

அண்ணன்,
நல்லசாமி